கம்பி இணைக்காத குமிழ்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லப்போகும் விஷயத்தில் பிழை இல்லை. உள்ளதைச் சொன்ன ஒரு பெண்ணைப் புத்தி பிசகியவள் என்று அவள் கணவனே நம்பும்படி செய்தவன் நான்!

நான் ரேடியோ மெக்கானிக். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் மாடி வீட்டில் ஸ்டீரியோ செட் அமைத்துக் கொடுத்தேன். குரலுக்கும் நாயனத்துக்கும் இரண்டு சின்னப் பெட்டிகள். தவிலின் அடி ஓசைக்கென்று தரையில் ஒரு பெரிய பெட்டி. எந்த ஓசை எந்தப் பெட்டிக்குப் போகவேண்டும் என்று பிரித்து அனுப்பும் கம்பிச் சுருளைக் கிராஸ்ஓவர் என்போம். அதை முதலாளி ஆசைப்பட்டபடி கட்டினேன். தவில் முழங்கினால் தரையே அதிர்ந்தது.

கீழே குடியிருந்தவர் ஒரு குமாஸ்தா. அவர் மனைவி காய்ச்சலில் விழுந்து, தேறாமல் படுத்திருந்தார். "மார்ல வந்து இடிக்கறதுன்னு அழறா சார்" என்று குமாஸ்தா மாடியேறி வந்து கெஞ்சினாராம்.

முதலாளி என்னை வரவழைத்துக் காதோடு சொன்னார். "அந்த மனுஷன் திருப்தியா இறங்கிப் போகணும். ஆனா என் தவில் சத்தம் ஒரு பொட்டு குறையக்கூடாது. புரியுதாப்பா?"

புரிந்தது. சுருளை மாற்றிச் சுற்றினால் இடி அடங்கும். அரைநாள் வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய பெட்டியின் முதுகில், சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது போல ஒரு திருகு குமிழைப் பொருத்தினேன். உள்ளே ஒரு கம்பியும் இணைக்கவில்லை!

குமாஸ்தாவை அழைத்து, இசைத்தட்டு ஓடும்போதே அதைத் திருப்பிக் காட்டினேன்.

"இன்னா சார், கொறஞ்சிச்சா?"

"நன்னா குறைஞ்சுடுத்து! கையில வித்தை வச்சிண்டிருக்கேளே!"

என் கை திரும்பியதைக் கண்ணால் பார்த்தார் அல்லவா... காது நம்பிவிட்டது.

இசைத்தட்டு ஓட ஓடவே இருவரும் கீழே இறங்கினோம். அங்கே அவர் மனைவி சுவரில் சாய்ந்திருந்தார். "இல்லையே... அப்படியேதான் இடிக்கறது."

"மெக்கானிக்கே குறைச்சிருக்கார்டி! நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். எல்லாம் உன் பிரமை."

அந்த அம்மாள் கணவரை விட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கோ. நெஜமா குறைச்சேளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

கூச்சம் என்றுதான் இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு பேர் முன்னால் எனக்கு நா எழாது, உண்மை. ஆனால் தலையாட்ட நா எதற்கு? இல்லை என்றும் ஆட்டியிருக்கலாமே! முதலாளியின் சிநேகிதர்கள் வீட்டு வேலைகளெல்லாம் அப்போது என்னிடம் வந்துகொண்டிருந்தன. அதையும் நீங்கள் அறிய வேண்டும்.

சில மாதம் கழித்து, ரிக்கார்டு முள் மாற்றப் போனேன். மாடிப்படியின் அடியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. மேலே தவில்... கைப்பிடிக் கம்பி என் உள்ளங்கையில் அதிர்ந்தது.

என்னைப் பார்த்துச் சிரித்தார். "மனசு டாக்டர் மாத்திரை குடுத்தார். இப்போ இடிக்கறதே இல்லை. எனக்குத்தான் என்னமோ ஆயிடுத்து... உங்களைப் போய் சந்தேகப்பட்டேன். மன்னிச்சுடுங்கோ."

என்னிடம்... மன்னிப்பு!

"பரவால்லம்மா" என்றேன். அதையும் சொன்னேன்!

மேலே போய் முள்ளை மாற்றினேன். குமிழில் தூசு படிந்திருந்தது. பழக்கதோஷம், துணியால் துடைத்துவிட்டு வந்தேன்.

பிறகு குமாஸ்தா குடும்பத்தார் வீடு மாறிவிட்டார்கள். கே.கே. நகர் என்று கேள்வி. ஒருநாள் அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். வழியில் அசோக் நகரிலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, திரும்பும் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

அந்த மாத்திரைகளை அந்த அம்மாள் இன்னும் விழுங்குகிறாரா... தெரியவில்லை.

மயிலாப்பூர், ஞாயிற்றுக்கிழமை, 20-8-1978.