டீ கிடைக்காத வகுப்பு

2007இல் நானும் என் மனைவியும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டோம். அவள் சிதம்பரத்தில் நர்ஸ். அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து போனில் இன்டர்வியூ வரவிருந்தது. நான் துணைக்குச் சேர்ந்தவன். வேலை கிடைத்தால் எங்கள் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு மூவருமாகப் போக முடியுமா என்பதுதான் வீட்டில் ஓயாத பேச்சு.

டீச்சரிடம் இலக்கணப் புத்தகம் கிடையாது. தமிழும் கூடாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நிஜமாகவே ஏதாவது தேவைப்பட்டால்தான் பேச்சு வரும் என்பது அவர் கட்சி. அதற்காக ஃபிளாஸ்கில் நிஜமான டீயே கொண்டுவருவார். "டீ சாப்பிடுகிறீர்களா?" என்று ஒவ்வொருவரையும் இங்கிலீஷில் கேட்பார். பிறந்ததிலிருந்து யார் வீட்டிலும் முதல் தடவையே சரி என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். "நோ, தேங்க் யூ" என்போம். அவர் தலையாட்டிவிட்டு மூடியைத் திருகிவிடுவார். கோர்ஸ் முடியும்வரை ஒருவருக்கும் டீ கிடைக்கவில்லை. மகா கஞ்சம் என்று முடிவு கட்டினோம்.

முதுநகரில் எங்கள் வீட்டில் போன் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு இன்டர்வியூ நடந்தது. ஊசி, மருந்து, வார்டு எல்லாவற்றுக்கும் அவள் டாண் டாண் என்று பதில் சொன்னாள். கடைசியில் இன்டர்வியூ எடுத்த ஆள் கேட்டார். "கணவர், குழந்தைக்கும் விசா எடுத்து, தங்க வீடும் தருகிறோம். வேண்டுமா?"

"நோ, தேங்க் யூ, சார்" என்றாள், சிரித்த முகத்தோடு.

"ஓகே" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் போனையே பார்த்தாள். "என்னாங்க, இன்னொரு வாட்டி கேக்கவே இல்லியே?"

"ஃபிளாஸ்க்க மூடிட்டாரு" என்றேன்.

எனக்கு அவள்மேல் கோபம், அந்த ஆள்மேல் அதைவிடக் கோபம். இரண்டாம் தடவை கேட்டால் வாய் வலிக்குமா? மகள் இல்லாமல் இவள் அங்கே எப்படி இருப்பாள்?

அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதே நம்பருக்குப் போன் போட்டாள். எந்த வகுப்பிலும் ஒத்திகை பார்க்காத இங்கிலீஷில் பேசினாள்.

"சார், எங்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதைக்கு. தயவுசெய்து இன்னொரு தடவை கேளுங்கள்."

அவர், "கணவர், குழந்தை, விசா" என்று முதலிலிருந்து நிதானமாக ஆரம்பித்தார். "வீடு" என்ற வார்த்தைக்கு அவர் வருவதற்குள் அவள் "எஸ், சார்" என்றுவிட்டாள்.