கையெழுத்துப் போட்டுப் பார்த்த பேனா

தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பிறருக்கு மனு எழுதுவது என் பிழைப்பு. பால்பாயிண்ட்டை அழுத்தி அழுத்தி விரலெல்லாம் மரத்துப்போயிற்று. மைப்பேனாவுக்கு அழுத்தவே வேண்டாம் என்றார்கள். வேலை முடிந்த அலுப்போடு கடத்தூரில் பஸ் இறங்கி, பேனாக் கடையில் இருப்பதிலேயே மலிவானதைக் கேட்டேன்.

முதலில் தந்தது தாளைக் கீறித் தொலைத்தது. அடுத்தது வழுக்கிக்கொண்டு ஓடியது.

“கையெழுத்துப் போட்டுப் பாருங்க. அதுலதான் நிப்பு தெரியும்” என்றார் கடைக்காரர்.

“இப்படிக்கு” என்று எழுதிக் கீழே இடம் விட்டேன். வழக்கம்போலத் தாளை எதிரே இருந்தவர் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. “நீங்கதாங்க போடணும்.”

என் கையெழுத்து நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.