நன்னடத்தைக்கு ஒரு சோப்பு டப்பா

ஒன்றாம் வகுப்பில் என் மகளுக்கு நன்னடத்தைப் பரிசு கொடுத்தார்கள். பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. ஆண்டு விழாப் பந்தலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து நான் கைதட்டினேன். பெற்றவள் நான்தான் என்று அக்கம்பக்கம் தெரியட்டும் என்று கொஞ்சம் பலமாகவே தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வரும்.

பரிசு எதற்கு என்று தலைமை ஆசிரியை மைக்கில் சொன்னார். அவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். "இந்தப் பிள்ளை வருஷம் பூரா வகுப்பில வாயே தொறக்கல. மத்த பிள்ளைங்க எல்லாம் இவளப் பாத்துக் கத்துக்கிடணும்" என்றார். கூட்டம் தட்டியது. நானும் தட்டினேன். வருஷம் பூரா வாய் திறக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அந்த நேரத்தில் என் மண்டைக்கு உறைக்கவில்லை.

விழா முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வகுப்பு டீச்சர் என்னிடம் வந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும், சாத்தான்குளத்துப் பக்கத்துப் பெண், அந்த ஜூனில்தான் வேலையில் சேர்ந்திருந்தார். கைக்குட்டையைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்கிடாதிய. ஒங்க பிள்ளைக்குப் பேச்சு வருமா?"

"வருமாவா? வீட்டில வாய் ஓயாது டீச்சர். அவ போடுத சத்தத்தில தெருவே கூடிரும்."

டீச்சர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஜூனிலிருந்து பிப்ரவரி வரை ஒரு வார்த்தை பேசவில்லையாம். பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குமாம். கரும்பலகையில் எழுதச் சொன்னால் தப்பில்லாமல் எழுதுமாம். பக்கத்தில் இருக்கிற பிள்ளை கிள்ளினால்கூட அழாதாம். இதைப் பெற்றவளிடம் சொல்ல வேண்டும் என்று எட்டு மாதமாக ஒருத்தருக்கும் தோன்றவில்லை. டீச்சர் இரண்டு தடவை பெரிய டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். "சத்தம் போடுத பிள்ளைய வச்சு நான் தவிக்கேன், நீ சத்தம் போடாத பிள்ளையப் பத்திப் புகார் சொல்லுதியா" என்று கேட்டாராம்.

சரி, பள்ளிக்கூடத்தை விடுங்கள். நான் என்ன செய்தேன்? நானும் ஒரு நாள்கூடப் போய்க் கேட்கவில்லை. மதிப்பெண் அட்டை வரும், "நடத்தை: மிக நன்று" என்று இருக்கும், புதுத் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலையில் இருந்த என் வீட்டுக்காரர் படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார், அட்டை திரும்பிப் போகும். நான் அப்போது தூத்துக்குடித் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் ஆபரேட்டர். உப்பு வியாபாரிகள் கல்கத்தாவுக்குக் கத்துவார்கள், கப்பல் ஏஜெண்டுகள் கொழும்புக்குக் கத்துவார்கள். இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. என் பிள்ளையின் பள்ளிக்கும் என் வீட்டுக்கும் நடுவில் எட்டு மாதமாக லைனே இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் அவள் வேறு பிள்ளை. நாலு மணிக்கு வருவாள். பையை வீசுவாள், நேரே பின்கட்டுக் கக்கூசுக்கு ஓடுவாள். பிறகு ஆரம்பிக்கும். காப்பி சூடு என்று டம்ளர் பறக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சடையைப் பிடித்து இழுப்பாள். தரையில் புரண்டு கத்துவாள். நானும் சும்மா இருக்கவில்லை, முதுகில் நாலு வைப்பேன். அடங்காவிட்டால் "இரு, ஒங்க டீச்சர்ட்ட சொல்லுதேன்" என்பேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் சத்தம் நின்றுவிடும். என்னவோ மந்திரம் கண்டுபிடித்தவள் மாதிரி எனக்கு அதில் ஒரு திருப்தி.

விழாவுக்கு மறுநாளே லீவு போட்டுப் பெரிய டீச்சரைப் பார்க்கப் போனேன். மேஜைமேல் பிரம்பும் மணியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"அடக்கமான பிள்ளையப் பெத்துட்டு அழுதுக்கிட்டு வாறிய. வீட்டில ஆடுதான்னா நீங்க குடுக்குத செல்லம். தாய் வேலைக்குப் போனா அப்படித்தான். எங்க கையில ஒப்படைச்சாச்சுல்லா, நாங்க பாத்துக்கிடுவோம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேசாத பிள்ளைக்குப் பரிசு, பேசுகிற தாய்க்கு ஏச்சு! வீட்டில் வந்து சொன்னால் வீட்டுக்காரர் அதற்கு மேல். "ஏளா, பரிசு வாங்கின பிள்ளைக்கு வைத்தியம் பாக்கச் சொல்லுத ஆளு நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டில் கையைக் கழுவினார்.

காரணம் தெரிந்தது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. துணி காயப்போட மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நிழலில் உட்கார்ந்து அவள் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு செங்கல் பெரிய டீச்சர். அவள்தான் அம்மா. மடியில் இருந்த பிளாஸ்டிக் பொம்மை பிள்ளை. பொம்மையைச் செங்கல் முன்னால் நிறுத்திவிட்டு, என் குரலில், என் இளிப்போடு சொன்னாள்:

"கண்ணு ரெண்டையும் மட்டும் விட்டுட்டு மத்தபடி தோலை உரிச்சிருங்க டீச்சர்."

பிறகு பொம்மையின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அதன் காதில் மெதுவாகச் சொன்னாள். "பேசாத. பேசினா உரிச்சிருவாவ. அம்மையே சொல்லிட்டா."

கையிலிருந்த ஈரத் துணியை வாளியிலேயே திரும்பப் போட்டேன்.

சொன்னேன். ஜூன் மாதம் சேர்க்க வந்த அன்றைக்குச் சொன்னேன். அன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள். வேட்டி கட்டிய அண்ணாச்சி சொன்னார், உப்பளத்தில் வேலை செய்கிற அம்மா சொன்னாள், கழுத்தில் சிலுவை போட்ட கடற்கரைக்காரர் சொன்னார். பிள்ளையைச் சேர்க்கும்போது ஆசிரியருக்கு வைக்கிற மரியாதை அது, வெற்றிலை பாக்கு வைப்பது மாதிரி. சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்கள். படித்தவள், அரசாங்க வேலைக்காரி, நான் மட்டும் ஏன் குறைய வேண்டும் என்று நானும் சொன்னேன். பெரிய டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த ஆறு வயதுப் பிள்ளை சிரிக்கவில்லை.

அவள் தப்பாக எடுத்துக்கொண்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். சரியாகத்தான் எடுத்துக்கொண்டாள். அது வெறும் பேச்சு என்றால் மேஜைமேல் பிரம்பு எதற்கு? வகுப்பு டீச்சரிடம் போய்க் கேட்டேன். அவர் முகம் சிறுத்துப்போனது. முதல் வாரத்திலேயே, பேசியதற்காக ஒரு பிள்ளையைப் பெரிய டீச்சர் எல்லார் முன்னாலும் உள்ளங்கையில் அடித்தாராம். முன் பெஞ்சில் இருந்து என் மகள் பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளையின் தாயும் சேர்க்கும்போது அதே வார்த்தையைச் சொன்னவள்தானே. ஆறு வயதுக் கணக்குக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்கக்கூட வாய் திறக்காமல் காலையிலிருந்து நாலு மணி வரை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த ஓட்டத்தைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன், பாவி.

பள்ளி, "ஒங்க அம்மாட்ட சொல்லுதேன்" என்று மிரட்டும். வீடு, "ஒங்க டீச்சர்ட்ட சொல்லுதேன்" என்று மிரட்டும். பிள்ளை வளர்ப்பில் இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான். அந்த ஒன்றில் மட்டும் எவ்வளவு ஒற்றுமை!

அதற்குப் பிறகு டீச்சர் சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வரச் சொன்னேன். காப்பி குடித்துக்கொண்டு, பள்ளியில் அந்த வாரம் என்ன நடந்தது என்று அவர் சொல்வார், வீட்டில் என்ன நடந்தது என்று நான் சொல்வேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் முழுப் பிள்ளை தெரிந்தாள். திங்கட்கிழமை கையெழுத்து வகுப்பில் பக்கத்துப் பிள்ளை அவள் பென்சிலைப் பிடுங்கியிருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் டம்ளர் பறந்திருக்கிறது. அந்த டம்ளருக்கு நான் அடி கொடுத்திருக்கிறேன். இனிமேல் அடிப்பதில்லை, பென்சிலைப் பிடுங்கினால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது என்று நானும் டீச்சரும் பேசி வைத்தோம். "அது எனக்கு வேணும், குடு." அவ்வளவுதான். அதைப் பொம்மையை வைத்து அவளும் நானும் தினமும் சொல்லிப் பார்த்தோம்.

முதல் சனிக்கிழமை டீச்சரைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். டீச்சர் கூப்பிடவில்லை. மூன்றாவது சனிக்கிழமை கதவைவிட்டு வந்து, டீச்சரின் மடியில் பொம்மையை வைத்துவிட்டு ஓடினாள். டீச்சர் அதன் வாயைப் பொத்தவில்லை, சடை பின்னிவிட்டார்.

இதுவும் பெரிய டீச்சர் காதுக்குப் போயிற்று. "பிள்ளைங்க வீட்டில போய்க் காப்பி குடிக்கிறது என்ன பழக்கம்? நாளைக்கு ஒன்ன எவ மதிப்பா?" என்று ஏசியிருக்கிறார். டீச்சர் அழுதுகொண்டு வந்தார், ஆனால் வந்தார்.

நான் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. மார்ச்சில் ஒரு நாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய டீச்சர் அறைக்குப் போனேன். அவள் காது கேட்கச் சொன்னேன். "சேக்கும்போது தோலை உரிங்கன்னு சொன்னேம்லா, அது தப்பு. நான் அதத் திரும்ப எடுத்துக்கிடுதேன். எம் பிள்ளைய யாரும் அடிக்கக் கூடாது. பேசினதுக்காக அடிக்கவே கூடாது."

பெரிய டீச்சர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "எல்லாரும் ஒரு மரியாதைக்குச் சொல்லுததுதானே! இதையெல்லாம் யாராவது மனசில வச்சுக்கிடுவாங்களா?"

"இவ வச்சுக்கிட்டா" என்றேன்.

அதோடு மகள் பேச ஆரம்பித்துவிடுவாள் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். பேசவில்லை. பள்ளி வாசலைத் தாண்டும் வரை என் விரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஏப்ரலிலும் பேசவில்லை. பரீட்சை முடிந்து பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். இரண்டாம் வகுப்புக்கும் இவள் இப்படியே போனால் என்ன செய்வது என்று அந்தக் கோடை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் வந்தது. இரண்டாம் வகுப்புப் புத்தகம் வாங்க அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய டீச்சர் அறைக்கு முன்னால் புதுப் பிள்ளைகள் வரிசை. எங்களுக்கு முன்னால் கடற்கரைக்காரர் ஒருவர் நின்றார். உப்பும் வெயிலும் ஏறிய கை, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு புதுப் பாவாடையில் ஒரு சின்னப் பெண். முறை வந்ததும் அவர் மகளை முன்னால் தள்ளி, வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்:

"டீச்சரம்மா, இது எம் மவ. கண்ணு ரெண்டையும் மட்டும் விட்டுட்டு..."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் என் இடுப்புக்குக் கீழே இருந்து ஒரு குரல் வந்தது.

"மாமா, அப்படிச் சொல்லாதிய. அவ நம்பிருவா."

பள்ளிக்கூடத்துக்குள் என் மகள் பேசிய முதல் பேச்சு அது. அந்த மனிதர் என் மகளைப் பார்த்தார், குனிந்து தன் மகளைப் பார்த்தார். அது ஏற்கெனவே கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. "இல்ல மக்கா, அப்பா சும்மா சொன்னேன்" என்று தடுமாறி, அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். சொல்ல வந்ததை முடிக்கவில்லை.

ஒரு வருஷமாக ஊமையாக இருந்த பிள்ளை பேசியிருக்கிறது. பெரிய டீச்சருக்குத் தோன்றியது என்ன தெரியுமா? "பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத" என்று மணியைத் தட்டினார்.

அந்த வருஷம் முதல் மதிப்பெண் அட்டை வந்தது. "நடத்தை: சுமார். வாய் அதிகம்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. வீட்டுக்காரர் அதை முதல்முறையாகப் படித்துவிட்டு, "என்னளா இது?" என்று பதறினார். நான் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன்.