ஆடாத கீழ்ப்பல்

பல்செட்டுக்காரருக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் முப்பத்தாறு வருஷம் அடுத்தவர்களுடைய வாய்க்காகவே போய்விட்டது. “ஊரார் வாயைப் பார்த்தே உங்க காலம் போயிடுச்சு” என்று அவருடைய மனைவி சொல்வதில் தப்பே கிடையாது. பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஜன்னலோரம் ஒரு மேசை, ஸ்பிரிட் விளக்கு, ரோஜா நிற மெழுகுத் தகடுகள், வரிசையாக யார் யாருடைய தாடை அச்சுகளோ. முன்னறையில் டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், பல்லை வரிசை கட்டுவது இவர். பாதி ஊர் சிரிப்பது இவர் கைவேலையால்தான். ஆனால் தெருவில் இவரைக் கண்டால் ஒருத்தர் சிரிக்க வேண்டுமே! முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். பல்செட் வைத்திருப்பது வெளியே தெரிந்துவிடுமாம்.

இந்த வேலைக்கு அவராக வரவில்லை. பதினேழு வயதில் அண்ணனோடு சேர்ந்து எழுதிய பள்ளி இறுதித் தேர்வில், அவரைவிட அதிக மார்க் வாங்கியவர் இவர்தான். அப்பா ரெண்டு பேருடைய மார்க் தாளையும் பார்த்தார், மடித்தார். “ஒருத்தனத்தான் படிக்க வைக்க முடியும். பெரியவன் படிக்கட்டும். உனக்குக் கை நல்லா இருக்கு, தொழில் கத்துக்கோ” என்றார். கை நல்லா இருக்கு என்ற அந்த ஒரு வார்த்தையைப் பாராட்டு என்று நம்பி, ரொம்ப வருஷம் நெஞ்சுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தது அந்தப் பைத்தியம். அண்ணன் படித்தார், கடல் தாண்டிப் போனார், அங்கே பாலம் கட்டுகிறார். அப்பா இவர் வீட்டில் இருக்கிறார். குளிப்பாட்டுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, நகம் வெட்டிவிடுவது எல்லாம் இவர்தான்.

பல்செட் வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. செய்து முடித்ததும் வாயில் மாட்டி, போட்டுக்கொண்டவரைப் பத்து நிமிஷமாவது பேசவைக்க வேண்டும். மேல்செட் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ்செட்டுக்கு அந்த வசதி கிடையாது, நாக்கு துள்ளினால் அதுவும் துள்ளும். மற்றவர்கள் செய்தித்தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். படிக்கும்போது எந்தப் பல்லும் ஆடாது, வாய் அடக்க ஒடுக்கமாக இருக்கும். மனசிலிருந்து பேசும்போதுதான் கீழ்ப்பல்லின் வண்டவாளம் தெரியும். இதைக் கண்டுபிடித்த பிறகு இவர் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்.

“எதுக்காக வாழ்ந்தீங்கன்னு நினைக்கிறீங்க?”

டாக்டர் முறைத்தார். “பல்லுக்குத்தான் சார், டெஸ்ட்டு” என்று இவர் சமாளித்தார். பொய். பல்லுக்கு என்றால், காலையில் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாலே போதாதா? தன் வாழ்க்கை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் எவராவது இந்த நாற்காலியில் வந்து உட்காரமாட்டாரா என்று பார்த்தார், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் கிடைத்த பதில்கள் ஒவ்வொன்றும் உலுக்கி எடுத்தன. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் யோசித்து யோசித்து, “முப்பது வருஷம் ஓட்டினேன், என் வண்டியில யாரும் சாகல. அதுக்குத்தான் போல” என்றார். அவருடைய கீழ்ப்பல் நாலு தடவை எகிறியது. ஒரு தையல்கார அம்மா, “இத என்கிட்ட யாருமே கேட்டதில்லையே” என்று செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். கணக்கு வாத்தியார் ஒருவர் சட்டென்று, “தெரியல. உனக்குத் தெரிஞ்சா சொல்லு” என்றார். ஆடுகிற இடம் பார்த்து இவர் அரத்தால் ராவிப் பொருத்தி அனுப்பிய அந்தப் பற்கள் பிறகு ஆடவே இல்லை.

ஏழெட்டு வருஷத்துக்கு முன் பதில்கள் இனிக்கத் தொடங்கின. “பிள்ளைகளை ஆளாக்கினேன், மனசுக்கு நிறைவா இருக்கு.” வருகிறவர் எல்லாம் இதையே சொன்னார்கள். காலம் நல்லபடியாக மாறிவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார். பிள்ளைகளை ஆளாக்குவதுதான் வாழ்க்கை போலிருக்கிறது என்று தன்னையும் அதைச் சொல்லியே தேற்றிக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பேசினால் பல் நழுவுகிறது என்று திரும்பி வருகிறவர்கள் அதிகமானதற்கு மட்டும் காரணம் பிடிபடவில்லை. புது மெழுகு சரியில்லை என்று அதன் தலையில் பழியைப் போட்டார்.

அப்பாவுக்கு எண்பது வயதில் கடைசிப் பல்லும் விழுந்தது. இவர் மூன்று வாரம் உட்கார்ந்து செட் செய்தார். அப்பாவின் பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்பல்லில் இருந்த லேசான சாய்வைக்கூட விடவில்லை. பல் மட்டுமா? அந்தக் கேள்வியையும் கேட்கப்போகிறாரே! முப்பத்தாறு வருஷத்தில் வீட்டில் ஒருநாள்கூடக் கேட்க வாய் வராத கேள்வி. என்னை நிறுத்தினது உங்களுக்கு உறுத்தலையா, நான் உங்களுக்கு யாருப்பா என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது.

அன்று காலை அப்பா வரிசையில் காத்திருந்து உள்ளே வந்தார். இவர் செட்டை மாட்டினார், கடிக்கச் சொன்னார், தாடையின் கீழே விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

அப்பா கூரையைப் பார்த்தபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “ரெண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினேன். பக்கத்துல இருந்து பாத்துக்கறது சின்னவன். அவனுக்காகத்தான் இன்னும் இருக்கேன். மனசுக்கு நிறைவா இருக்கு.”

சின்னவன்! அந்த வாயில் சின்னவன் என்ற சொல் நல்லதற்காக வந்ததே கிடையாது. இவருக்குக் கண்ணீர் மறைத்தது. விரலுக்கடியில் கீழ்ப்பல் இம்மிகூட அசையவில்லை. தன் வாழ்நாளிலேயே இவ்வளவு கச்சிதமாக ஒரு செட் அமைந்ததில்லை என்று அதிலும் ஒரு பெருமை. “முன்னாடி போய் உக்காருங்கப்பா, டப்பா எடுத்துட்டு வரேன்” என்று அனுப்பிவிட்டு, குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டார். ஐம்பத்து மூன்று வயசுக்காரன் அழுததை யாரும் பார்க்கக் கூடாதல்லவா.

டப்பாவோடு முன்னறைக் கதவுக்கு வந்தபோது, டோக்கன் கொடுக்கும் பெண் ஒரு பாட்டியிடம் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உள்ள அந்த அண்ணன், எதுக்கு வாழ்ந்தீங்கன்னு கேப்பாரு. பயந்துடாதீங்க, சும்மா பல்லு டெஸ்ட்டு. பிள்ளைகளை ஆளாக்கினேன், மனசுக்கு நிறைவா இருக்குன்னு நிதானமா சொல்லுங்க, உடனே விட்டுடுவாரு. யோசிச்சீங்கன்னா அரைமணி ஆயிடும், அழுதுகிட்டு வருவீங்க. இதோ, அவரோட அப்பாவுக்கே நான்தான் சொல்லிக் குடுத்தேன். சின்னவரைப் பத்தி ரெண்டு வார்த்தை சேத்துக்கோங்க, சந்தோஷப்படுவாருன்னேன்.”

அந்தப் பெண்ணைச் சொல்லி என்ன செய்ய? நல்ல மனசுதான். வந்து எட்டு வருஷமாகிறது, கிழங்கள் அழுதுகொண்டே வெளியே போவதைப் பார்க்கச் சகிக்காமல் செய்திருக்கிறாள். டெஸ்ட்டு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவர் யார்? இவர்தானே. பல்லுக்கென்று கேட்டார், பல்லுக்கென்று பதில் சொன்னார்கள்.

நாற்காலி வரிசையின் கோடியில் அப்பா செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அண்ணன்.

“கேக்குதாடா? புதுப் பல்லு. இவன்தான் பண்ணான், அத விடு. உன் குரலைக் கேட்டு இருபது நாளாச்சுடா கண்ணா!” டக் என்றது கீழ்ப்பல். “உன்னை ஆளாக்கணும்னு எனக்கு ஒரே வெறி. சின்னவனை நிறுத்தினப்ப ஒரு நிமிஷம் யோசிச்சேனா? இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். எனக்குன்னு இருந்தது நீ ஒருத்தன்தான்டா.” டக், டக். உதட்டைத் தாண்டி வெளியே எகிறிய கீழ்செட்டை அப்பா கையால் பிடித்து உள்ளே தள்ளினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சத்தம் என்ன என்று முப்பத்தாறு வருஷம் பல் கட்டியவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திரும்பித் தன் அறைக்கே போய் நின்றார். யார் யாருடைய தாடைகளோ அலமாரியில் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

சற்று நேரத்தில் அப்பா தானே தடவித் தடவி வந்துவிட்டார்.

“என்னடா வேலை பண்ணியிருக்க? பேசினா குதிக்குது. உன் அண்ணன்கிட்ட மானமே போச்சு.”

“உக்காருங்கப்பா.”

செட்டை வாங்கிக் கழுவினார். கறுப்புத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, கறை பட்ட இடத்தை ராவினார், ஓரத்தைத் தேய்த்தார். கை நன்றாகத்தான் வேலை செய்தது. கை நல்லா இருக்கிற பிள்ளை அல்லவா! மறுபடி மாட்டித் தாடையின் கீழே விரலை வைத்தார்.

அப்பா வாயை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“இப்ப என்னடா சொல்லணும்?”

பல்செட்டுக்காரர் மேசைக்கடியில் மெழுகு ஒட்டிக் கிடந்த ஒரு பழைய செய்தித்தாளை எடுத்துத் தட்டி, அப்பாவின் மடியில் விரித்து வைத்தார்.

“ஒண்ணும் சொல்ல வேணாம்பா. இதப் படிங்க.”