அக்கா கேட்ட பூ

நெறிமுறைப் புத்தகத்தின் நான்கு மூலைகளிலும் அக்கா மஞ்சள் தடவியிருந்தார். ஆவணி மாத இரண்டாம் ஞாயிறு, எங்கள் கவுன்சிலிங் வகுப்பின் இரண்டாம் நாள். ஆலோசகர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் மெல்லிய நீல அட்டைப் புத்தகம் அது. முந்தின வாரம் எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். எங்களுடையவை பைக்குள் மடங்கிக் கிடந்தன. அவருடையது மட்டும் நடுவில் குங்குமப் பொட்டோடு மேசைமேல் இருந்தது. பாடம் நடத்திய மேடம் அதைத் தூக்கிப் பார்த்தார். "என்னங்க அக்கா, இதுக்கும் பூஜை போட்டாச்சா?" "புதுப் பொஸ்தகமுங்க மேடம், பொட்டு வெக்காம எப்பிடிங்க தொறக்கறது? பாஸ் பண்ணோணுமில்லீங்க." வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார்.

வகுப்பில் அனைவருக்கும் அவர் அக்காதான், மேடத்துக்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருபது வருடம் நின்றவர். துணியில் ஓட்டை பார்க்கிற அதே நேரத்தில் பக்கத்தில் நிற்பவளின் முகத்தையும் பார்த்துவிடுவார். யார் வீட்டில் என்ன பிரச்சினை என்றாலும் முதலில் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அதைப் பார்த்து அவருடைய கம்பெனி நிர்வாகமே கட்டணம் கட்டி அவரை அனுப்பியது. டிப்ளமோ முடித்தால் டேபிளை விட்டுத் தொழிலாளர் நல அறையில் உட்காரலாம். அக்காவுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலை அவருக்கு எவ்வளவு பெரியது என்பது, மதிய இடைவேளையில் அவர் மாடிப்படி இறங்குவதைப் பார்த்தால் தெரியும். நான் ஏற்றுமதி ஆவணங்கள் பார்த்த குமாஸ்தா. எதற்கும் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்து உண்டு. இங்கே எழுதுவதெல்லாம் அந்த நோட்டுகளில் இருப்பவை.

பயிற்சிக்கு எங்கள் இருவரையும் பல்லடம் சாலையில் வேறொரு கம்பெனிக்கு ஒதுக்கினார்கள். வியாழன்தோறும் மாலை. ஒருவர் பேச வேண்டும், மற்றவர் குறிப்பெடுக்க வேண்டும். பேசியது அக்கா. புரட்டாசி முதல் வியாழனன்று (புதன் என்று எழுதி அடித்திருக்கிறேன்) அந்தப் பெண் வந்தாள். கணியூர்ப் பக்கத்துக்காரி, முப்பது வயதிருக்கும். புருஷன் விட்டுப் போய் ஆறு வருடம். கோர்ட்டில் விவாகரத்தும் வாங்கியாயிற்று. அதே கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். அவளுக்கு விருப்பம், பயம் இரண்டும். கோயிலில் வைத்துக் கட்டிய தாலியைக் கழற்றியவள் இன்னொன்றை ஏற்கலாமா என்பதுதான் கேள்வி.

அக்காவைக் கட்டியவரும் விட்டுப் போய்ப் பதினோரு வருடம். அக்கா தாலியைக் கழற்றவில்லை. சாமிமுன்னால் கட்டியதைச் சாமிதான் எடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த ஞாயிறு வகுப்பில் எழுந்து நின்று, இந்தப் பெண்ணை வேறு ஆளுக்கு மாற்றிவிடச் சொன்னார். மேடம் மறுத்தார். நமக்குத் தெரியாத பிரச்சினை என்றால் மாற்றலாம், நமக்குப் பிடிக்காத முடிவு என்பதற்காக மாற்ற முடியாது, புத்தகத்தில் அது இருக்கிறது என்றார். "உங்க நம்பிக்கைய வாசல்ல செருப்போட கழட்டி வெச்சுட்டு உள்ள போங்க." அக்கா தணிந்த குரலில், "செருப்பத்தானுங்க மேடம் கழட்ட முடியும்" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஆனாலும் போனார். மூன்று வியாழன் உட்கார்ந்து கேட்டார். தன் எண்ணத்தில் ஒரு சொல்லைக்கூட உதிர்க்கவில்லை. என் குறிப்புகளில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நான்காம் வியாழன் அந்தப் பெண், "நீங்களே எனக்காவ பூக் கேட்டுச் சொல்லுங்கக்கா. நாங் கேட்டா சாமி கோவிச்சுக்கும்" என்றாள். எங்கள் பக்கத்தில் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, முடிவெடுக்குமுன் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் சாமிமுன்னால் போட்டுக் குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது. அக்கா, "எது வரோணும்னு நெனைக்கற கண்ணு?" என்று கேட்டார். "வெள்ளை" என்றாள் அவள், யோசிக்காமல்.

பாடத்தின்படி அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது எது என்பது அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஆனால் கேட்டுச் சொல்வதாக அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்தபின் கேட்காமல் இருக்க அவரால் ஆகாது. மறுநாள் வெள்ளிக்கிழமை என் ஸ்கூட்டரில்தான் அவள் சொன்ன கோயிலுக்குப் போனோம். செவ்வரளியும் நந்தியாவட்டையும் அவரே மடித்தார். சாமி கும்பிட வந்திருந்த ஒரு சிறுமி எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்துப் பார்த்து, "செவப்புங்கம்மா" என்றார். அக்கா திருநீறு வாங்கிக்கொண்டார். வழியில் டீ குடிக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க தம்பி" என்றதோடு சரி. அடுத்த வியாழன் அந்தப் பெண் உள்ளே வந்து உட்காருமுன்பே, "வெள்ளை வந்துச்சு கண்ணு" என்றார்.

பூக் கேட்டதை நான் குறிப்பில் எழுதினேன். நடந்ததை எழுதாமல் விட்டுப் பழக்கமில்லை. நிறத்தை மட்டும் எழுதவில்லை. ஏன் விட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. குறிப்புகள் மேடத்திடம் போயின. ஐப்பசி கடைசியில் மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. உங்கள் நம்பிக்கையை அவள்மேல் ஏற்றினீர்களா என்று கேட்டார்கள். "ஆமாங்க" என்றார் அக்கா. ஒரே வார்த்தை. வகுப்பிலிருந்து நீக்கினார்கள். மேடத்தின் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். புத்தகப்படி மேடம் செய்தது சரி.

படிக்கட்டில் அக்காவைப் பிடித்து, உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். தன் நம்பிக்கைக்கு எதிராகத்தானே அவர் பேசினார்? கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே சொன்னார். "சொன்னா மட்டும்? பூவும் கேட்டா, பொய்யும் சொன்னாம்பாங்க. அவ காதுக்குப் போச்சுன்னா அந்த ஊட்ட உட்டு எறங்கி வந்துருவா. வாயத் தொறக்காதீங்க தம்பி." நான் திறக்கவில்லை. மாசியில் எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. நாங்கள் பயிற்சிக்குப் போன பல்லடம் சாலைக் கம்பெனியிலேயே நல அறையில் நாற்காலியும் கிடைத்தது. அக்கா தன் டேபிளுக்கே திரும்பினார். அந்த நாள்களில் எனக்கு வருத்தம் இருந்ததா என்று நோட்டில் தேடினேன். தேதிகள் மட்டுமே இருக்கின்றன.

போன பங்குனியில் அந்தப் பெண் ஏதோ விடுப்புக் கடிதத்துக்காக என் அறைக்கு வந்தாள். போகும்போது அக்காவை விசாரித்தாள். பேச்சோடு பேச்சாக, "செவப்பு வந்தது எனக்கு அப்பவே தெரியுமுங்கண்ணா" என்றாள். வெள்ளை வந்ததற்குக் கும்பிட்டு வரலாம் என்று கல்யாணத்துக்கு முந்தின வாரம் தேங்காய் பழத்தோடு அதே கோயிலுக்குப் போயிருக்கிறாள். பூசாரி நடந்ததைச் சொல்லிவிட்டார். தெரிந்துமா என்று கேட்டேன். "சாமி வேண்டாம்னுச்சு, அக்கா போன்னாங்க. ரெண்டு நாள் அழுதேன். அப்பறம் போயிட்டேன். நல்லாத்தான் இருக்கறமுங்க." இதை எழுதலாமா என்றேன். பேர் வேண்டாம் என்றாள்.

அந்த வாரமே அக்காவின் கம்பெனிக்குப் போனேன். டேபிளில் பனியனை விரித்து, பிசிர் நூலை நறுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்தரி நிற்கவில்லை. "தெரிஞ்சேதான் போனாளா?" "ஆமாங்கக்கா." காலரைத் திருப்பிப் பார்த்தார். தையல் சரியாக இருந்தது. "அப்ப நாஞ் சொன்ன பொய்யி யாருக்குங்க தம்பி?" இப்படிக் கேட்பவருக்கு நாம் பதில் சொல்லக்கூடாது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதையும் கேட்கவில்லை. அவர் அடுத்த பனியனை எடுத்து விரித்தார்.