விமானத்துக்கு முன்னால் வந்த சித்தப்பா

என் சித்தியைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. டிராவல்ஸ் ஆபீசில் விசாரணை போன் எடுப்பதுதான் அவர் வேலை. பக்கத்து நாற்காலி என்னுடையது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று கேட்டவுடன் சொல்லுவார். கேட்பவர் குழம்பினால் வாசல்வரை வழி சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார்.

சித்தப்பாவுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நகரத்தில் வேலை. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்; விமானத்தில் ஒரு மணி ஐம்பது நிமிடம். மாதம் ஒருமுறை மத்தியான விமானத்தில் வருவார். தரையைத் தொட்டதும் ஒரு மிஸ்டு கால். அப்புறம்தான் சித்தி கிளம்புவார்.

அன்று விமானம் புறப்பட்டு முக்கால் மணிகூட ஆகவில்லை. சித்தியின் போன் ஒருமுறை அடித்து நின்றது. சித்தப்பா நம்பர்.

"என்ன சித்தி, பாதி வழியில இறங்கிட்டாரா?"

"இப்ப கடலுக்கு மேல இருக்கணும்டி," என்றார். திருப்பிக் கூப்பிட்டார், போகவில்லை. "எனக்குப் பயமா இருக்கு, நீயும் வா."

விமான நிலையப் பலகை, அந்த விமானம் வர இன்னும் நேரமிருப்பதாகக் காட்டியது. அதன் கீழே பெஞ்சில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார்.

"எவ்ளோ நேரமா காத்திருக்கேன் தெரியுமா? வா, போலாம்."

"எதுல வந்தீங்க?"

"எப்பவும் வர்றதுலதான்."

"அது இன்னும் இறங்கலையே. பெட்டி எங்க?"

"பின்னாடி வருது," என்றார்.

அதே சிரிப்பு. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்றுகூடக் கேட்டார். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு, குளிர்பெட்டியைத் திறந்து வைத்தது போலிருந்தது. சித்தி அவர் கையைப் பிடித்தபடி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானம் பத்திரமாக இறங்கியது.

"அவர் வர்றதுக்குள்ள போயிடலாம்," என்றார் சித்தப்பா.

"யாரு?"

வெளியே வரும் கூட்டத்தில், தூரத்தில், பெட்டியை இழுத்தபடி இன்னொரு சித்தப்பா வந்துகொண்டிருந்தார். அதே சட்டை. கை அசைத்தார்.

"சித்தி, அதுதான் நம்ம சித்தப்பா. எழுந்திரிங்க."

"தெரியுதுடி."

பெஞ்சிலிருந்தவர் மெல்லக் கேட்டார்: "நீயும் போயிட்டா நான் எங்க போவேன்? எனக்குத் திரும்பிப் போக வழி தெரியலையே."

சித்தி அவரையே பார்த்தார். அப்புறம் எழுந்தார், பிடித்த கையை விடாமல்.

"நீ சித்தப்பாவக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ. இவர விட்டுட்டு வந்துடறேன்."

"உங்களுக்கென்ன பைத்தியமா? யாருன்னே தெரியாது."

"வழி தெரியலன்னு கையப் பிடிச்சுக் கேக்கறாருடி. எப்படி உதறிட்டுப் போறது?"

தடுக்க எழுந்தேன், அதற்குள் இருவரும் புறப்பாட்டு வாசலை நோக்கி நடந்தார்கள். காவலர் சீட்டுக் கேட்கவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது.

பெட்டிச் சத்தம் என் பின்னால் வந்து நின்றது. "எங்க உன் சித்தி?" என்று சிரித்தபடி கேட்டார் சித்தப்பா.

கையை நீட்டிக் காட்டினேன். சித்தி யாரோடு போகிறார் என்று அவரும் பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.