கல்வத்தில் கடைசி இலை

ஆய்வகத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரம் ஒன்றுதான் உண்டு. அது உறைந்த இலையை அரைக்கும் நேரம். திரவ நைட்ரஜன் ஊற்றிய பீங்கான் கல்வத்துக்கு மேலே குனிந்து பேசினால், மூச்சின் ஈரம் பொடியில் பனியாகப் படிந்துவிடும். இதை யாரும் எனக்குப் பாடமாக நடத்தவில்லை. கல்லூரியில் கண்ணாடிச் சாமான் கழுவ வந்தவள், பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டேன்.

அன்று எங்களிடம் இருந்தது ஒரே ஒரு குப்பி இலை. கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டம் முழுக்க இலைச்சுருட்டல் நோய் வந்து, ஒரு செடி மட்டும் தப்பித்திருந்தது. "எல்லாம் மொகத்தத் திருப்பிக்கிச்சுங்க, இது ஒண்ணுதான் நேரா பாக்குது" என்றாராம் தோட்டக்காரர். அந்தப் பேச்சை இன்றும் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் ஆராய்ச்சி மாணவி போய் இலை பறித்து வந்தாள். மறுவாரமே, பூ வைப்பதற்குள், அவர் வீட்டு ஆடு அந்தச் செடியை மேய்ந்துவிட்டது. பறித்து வந்த மூன்று குப்பிகளில் இரண்டு, அரைக்கும்போதே இளகி வீணாயின. இதுவும் போனால், அந்தச் செடி தப்பித்த காரணத்தை அதன் மரபணுவில் தேடும் அந்தப் பெண்ணின் இரண்டு வருட உழைப்புக்கு ஆதாரமே இல்லை.

நைட்ரஜனோ, மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசிக்கு வைத்திருப்பதில் கொஞ்சம் கேட்டு வாங்கியது. அரூரிலிருந்து ஆட்டோவில் வந்து சேர்வதற்குள் கேனில் பாதி ஆவியாகியிருந்தது.

கல்வத்தையும் குழவியையும் முதலில் குளிரவைத்தேன். இலை கண்ணாடி போல நொறுங்கியது. மறுபடி ஊற்றி அரைத்தேன். அதற்கடுத்த ஊற்றலோடு கேன் காலி. பொடி மாவு போல வந்திருந்தது. கரண்டிக்காகக் கையை நீட்டினேன்.

கரண்டியையும் குளிரவைத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற அந்த மாணவியோ பதற்றத்தில், வந்ததிலிருந்து அதைக் கைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தச் சூடு பட்டால் பொடி பசையாகிவிடும்.

"மறந்துட்டேங்க்கா" என்றாள்.

கல்வத்துக்கு மேலே குனிந்திருந்த நான் வாயைத் திறக்கக் கூடாது. கல்வத்தின் அடியில் இன்னும் கொஞ்சம் திரவம் கொதித்துக்கொண்டிருந்தது. அது வற்றினால் முடிந்தது கதை. குளிரவைத்திருந்த காலிக் குப்பியைத் தலையாலேயே காட்டினேன். புரிந்துகொண்டு, பனிப்பெட்டியிலிருந்து அதை இடுக்கியால் எடுத்துப் பிடித்தாள். பொடியும் திரவமுமாகக் கல்வத்தைச் சாய்த்தேன். எழுந்த புகையில் குப்பியின் வாயே தெரியவில்லை. பாதி உள்ளே போயிற்று. மீதி மேசையில் சிதறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை ஈரமாகப் பரவியது. அவள் இன்னொரு கை மூடியைத் தேடிப் போனது.

"மூடாத கண்ணு. உள்ள இருக்கிற புகை பூரா போவட்டும். இல்லன்னா வெடிச்சிரும்."

புகை அடங்கியதும் எடை பார்த்து, குப்பியைப் பனிப்பெட்டியிலேயே திருப்பி வைத்தாள். "ஒரு தடவை சோதிக்கத்தாங்க்கா வரும். தப்பாப் போனா அவ்வளவுதான்."

மரபணுவைப் பிரித்தெடுப்பதை இப்போதே செய்துவிடுகிறேன் என்று மருந்துப் பாட்டிலை எடுத்தாள். நான் அதை வாங்கி அலமாரியில் திருப்பி வைத்தேன்.

"கை நடுங்குது பாரு. வூட்டுக்குப் போயி சாப்புட்டுத் தூங்கு. நாளைக்குச் செய்யலாம்."

தன் கையை ஒருமுறை பார்த்தாள். பிறகு மூடியைத் திருகி, குப்பியை ஃப்ரீசரில் வைத்து, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.